சின்னவள் அறுத்துவிட்ட மீன்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. படகில் நாங்கள் மூன்று பேரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். நேற்றுதான் துறைமுகத்துக்குள் வந்து படகைக் கட்டினோம். தரை ஆடாமல் நிற்கிறது, எனக்குத்தான் தலை ஆடுகிறது. அப்பாவின் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, பதறாதே, எலும்புக்கு ஒன்றும் இல்லை, டாக்டரிடம் காட்டியாயிற்று. எப்படி ஆனது என்று அவரிடம் கேட்டால் மீனைப் பற்றி மட்டும் அளப்பார், அதனால் நானே எழுதுகிறேன்.

வீட்டைப் பூட்டிவிட்டுப் படகில் குடியேறிய நாளிலிருந்து ஆளுயரச் சூரை மீன் ஒன்றைப் பிடிக்கவேண்டும் என்பதுதான் அவருக்குக் கனவு. போன மாதம் ஏதோ கனமாக மாட்டியது என்று ஊரைக் கூட்டி இழுத்தார், வந்தது ஒரு பழைய பிளாஸ்டிக் வாளி. பக்கத்துப் படகுக்காரர்கள் அன்றிலிருந்து அவரை வாளிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த ரோஷம் வேறு. உன் தங்கையைத்தான் உனக்குத் தெரியுமே, உப்பை எடு என்பதைக்கூட வாய்க்குள்ளேயே சொல்லுகிறவள். சுக்கானை அவள் கையில் கொடுத்தாலும் அப்பா முதுகுக்குப் பின்னாலேயே நின்று இடது, வலது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நடுக்கடலில் ஒருநாள் மத்தியானம், நல்ல காற்று, படகு பறக்கிறது, அவள் சுக்கானில் இருக்கிறாள், நான் கீழே அரிசி களைந்துகொண்டிருக்கிறேன். பின்னால் விட்டிருந்த தூண்டிலில் மாட்டியது பார், வாளி இல்லை, நிஜமாகவே மலை மாதிரி ஒரு சூரை. உன் அப்பா அவசரத்தில் கையுறை போடாமல் தூண்டில் நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்திருக்கிறார். மீன் ஒரே முங்காக முங்கியதும் நரம்பு மணிக்கட்டை இறுக்கிவிட்டது. சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது அவர் பாதி உடம்பு படகின் ஓரக் கம்பிக்கு வெளியே இருந்தது. நான் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், ஆனால் மீன் ஒரு பக்கம், ஓடுகிற படகு ஒரு பக்கம், நடுவில் நான் எந்த மூலைக்கு. அந்த நிலையிலும் இந்த மனுஷன், அறுக்காதடி, வந்துடும், வந்துடும் என்று கத்துகிறார்.

உன் தங்கை கத்தவில்லை, அழவில்லை. சுக்கானைத் தள்ளிப் படகின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பினாள். பாய்கள் படபடவென்று அடித்துக்கொண்டு படகு வேகம் தளர்ந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, கையை ஆட்டாதீங்கப்பா என்று ஒரு அதட்டல் போட்டாள் பார், எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஒரே வெட்டு. நாங்கள் இருவரும் பொத்தென்று பின்னால் விழுந்தோம், மீன் போயே போய்விட்டது. அப்பா அன்று சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. நான் கட்டுப் போடும்போதுதான் தன் கையை நன்றாகப் பார்த்தார், நரம்பு சதைக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்று. சாப்பிட்டியாம்மா என்று அவளைக் கேட்டார். அவ்வளவுதான், அவள் அதற்கப்புறம்தான் அழுதாள்.

நேற்றுத் துறைமுகத்தின் குறுகிய வாய்க்குள் படகைக் கொண்டுவந்தது அவள்தான். இரண்டு பக்கமும் பாறை, எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உன் அப்பாவோ கீழே உட்கார்ந்து ஒற்றைக் கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்பே வந்து கட்டியிருந்த அந்தப் படகுக்காரர்கள் எல்லாரும், என்ன வாளிக்காரரே, கட்டோட வந்திருக்கீங்க, மீன் எங்கேன்னு கேட்டார்கள். மீன் போயிடுச்சுப்பா, என் பொண்ணு என்னைப் பிடிச்சுட்டா என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

நீயும் அவளும் ஆளுக்கொரு திசையில் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், வேறென்ன வேண்டும் எனக்கு. ராத்திரி கண்விழித்து வேலை பார்க்காதே. முக்கியமாக ஒன்று, நீ கோபித்துக்கொள்வாய் என்று அவள் இதை உன்னிடம் சொல்லமாட்டாள், நீயாகவே கூப்பிட்டுக் கேள். திட்டாதே. மீன் எவ்வளவு பெரிசு என்று கேட்காதே, எப்படிடி படகைத் திருப்பினே என்று கேள்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா