மல்லாட்டை வெந்தாச்சு

இன்று காலை எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். வேலைக்கு வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக அதில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கடைசியாக நம் தொகுப்பு. இணையப் பக்கத்துக்கு வேண்டிய பட்டன், படிவம், ஊர்ப் பட்டியல், தேதிக் கட்டம் எல்லாம் அடங்கியது. கட்டளையை அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கறுப்புத் திரையில் வரி வரியாக ஓடி முடிந்திருந்தது. அடியில், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழில் ஒரு வாசகம்: “மல்லாட்டை வெந்தாச்சு. தோலை உரிச்சிப் பாரு.”

அது நீ எழுதியது. உன்னுடையது என்று தெரிகிற எல்லாவற்றையும் அந்தத் தொகுப்பிலிருந்து என் கையாலேயே எடுத்துப் போட்டுவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். முதல் தடவை ஏற்றும்போது மட்டும் வருகிற வாசகம் என்பதால் பழைய லேப்டாப்பில் என் கண்ணில் படவில்லை. சென்னை ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நம் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர் என்று தெரியாமல், ஏதோ வெளிநாட்டு வார்த்தை என்று விட்டிருப்பார்கள். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

நம் ஆபீஸ் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, விழுப்புரத்தில் அந்தத் துணிக்கடைக்கு மேல் மாடியில். நான் நடந்து வருவேன். நீ திண்டிவனத்திலிருந்து ரயிலில் வந்து, உட்கார இடம் கிடைக்காத கோபத்தோடு உள்ளே நுழைவாய். விவசாயிகள் விளைச்சலைப் பதிவு செய்கிற இணையப் பக்கம் ஒன்றை நமக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வேலையில் பட்டனையும் கட்டத்தையும் யாரும் முதலிலிருந்து செய்வதில்லை. வீடு கட்டுகிறவர் கதவையும் ஜன்னலையும் கடையில் வாங்கி மாட்டுவது போல, யாரோ செய்துவைத்த தொகுப்பை ஏற்றி, நிறத்தை மாற்றி, நம் எழுத்தைப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம். நான் அப்படி ஏற்றி முடித்துவிட்டு, பெருமையாக உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊர்ப் பட்டியலைத் திறந்ததும் நீ சிரித்த சிரிப்பு கீழே துணிக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

“இன்னாடி இது, உங்க ஊருக்குக் கால காணோம். விழப்பரம்னு கீது.”

ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த கட்டம் அது. ழுவிலும் புவிலும் கீழே இறங்குகிற பகுதியை நறுக்கிவிட்டிருந்தது. பதிவு என்கிற பட்டன் பதிவ என்று நின்றது. “எங்க ஊர பாரு. திண்டிவனம். ஒரு எழுத்துக்கும் கீழ கால் தொங்கல. ஷோக்கா குந்திக்கினு கீது,” என்றாய்.

சிரித்துவிட்டு நீ விட்டிருக்கலாம். விடவில்லை. அந்தத் தொகுப்பின் மேல் தமிழுக்கென்று நம்முடையதாக ஒன்றைச் செய்ய உட்கார்ந்தாய். பட்டனின் உயரத்தைக் கூட்டினால் பட்டியல் கெடும். பட்டியலைச் சரிசெய்தால் தேதிக் கட்டம் பிதுங்கும். வாரக்கணக்கில் இதே பாடு. எனக்கு அலுத்துப்போய், பேசாமல் இங்கிலீஷிலேயே வைத்துவிடலாம் என்றேன். “எங்கம்மா எழுத்துக்கூட்டித்தான்டி படிக்கும். காலில்லாத எழுத்த எப்பிடிக் கூட்டும்?” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாய். நான் செய்ததெல்லாம் நீ முடித்ததைச் சரிபார்த்து சர்வரில் ஏற்றியது மட்டும்தான்.

மல்லாட்டை என்று பெயர் வைத்ததும் நீதான். உன் அம்மா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை ஆயப் போகிறவர். எங்கள் வீட்டுக்குத் திருவாமாத்தூர்ப் பக்கம் நிலம் உண்டு, அதில் மல்லாட்டை போடுவோம். இந்த இரண்டையும் நாம் ஒருநாளும் சேர்த்துப் பேசியதில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது ‘லா’வுக்கு நீ இரண்டு ஏ போடுவாய், நான் ஒன்று போடுவேன். சர்வரில் நான் ஒரு ஏ போட்டு ஏற்ற, ஏற்றிக்கொள்ளும் வழிமுறையை நீ இரண்டு ஏ போட்டு எழுத, மறுநாள் சென்னையில் யார் அடித்தாலும் அப்படி ஒன்று இல்லை என்றே பதில் வந்தது. அரை நாள் நெட்வொர்க்கைத் திட்டித் தீர்த்தோம். கடைசியில் கண்டுபிடித்தது நீ. “பேஜாரா பூட்ச்சி போ. உன்னுது ஒத்தக் கொட்ட, என்னுது ரெட்டக் கொட்ட,” என்றாய். வழிமுறையைத் திருத்தினாய். முடிவில் வருகிற வாசகத்தில் மட்டும் உன் ரெட்டைக் கொட்டை அப்படியே இருந்துவிட்டது.

பிறகு உன் அம்மாவுக்கு இடுப்பு போனது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை வேண்டும் என்று விலகினாய். பெங்களூர் கம்பெனி ஒன்று, நீ செய்தது எதையாவது காட்டு என்றது. நம் தொகுப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியேதான் திறந்து வைத்திருந்தோம். அதில் ‘செய்தவர்’ என்ற வரியில் உன் பெயர் இருந்தது. போன் செய்து சொன்னாய்: “இன்டர்வியூ முடியிற வரிக்கும் எம் பேரு அதுல இருக்கட்டும்டி. ஒண்ணும் பண்ணிடாதீங்க.” யார் தொடப் போகிறார்கள் என்று சொன்னேன். அந்த வாரமே தொட்டது நான்.

மேனேஜர் கூப்பிட்டார். “மல்லாட்டைன்னா கிளையன்ட் சிரிப்பாரும்மா. நல்ல பேரா மாத்தி, பழைய குறிப்பு எதுவும் இல்லாம புதுசா ஏத்திடுங்க. செஞ்சவர்ங்கற இடத்துல உங்க பேர போட்டுடுங்க. அவங்கதான் போயிட்டாங்களே.” இரண்டு நாள் தள்ளிப்போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் பெயரை அந்த வரியில் பார்த்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. பழைய பெயரைத் தேடித் தேடி அழித்தேன். என் எழுத்துக்கூட்டலில் தேடினேன். அதனால்தான் உன் இரண்டு ஏ என் வலையில் விழவில்லை.

இன்டர்வியூ முடிந்து நீ மறுபடி பேசினாய். குரல் உயரவே இல்லை.

“போட்டுக் காட்டுனேன்டி. உம் பேரு வந்துச்சி.”

“மேனேஜர் சொன்னாரு. நான் இன்னா பண்றது?”

“மல்லாட்டைய எங்கம்மா ஆயுது. மூட்ட உங்கப்பா பேர்லதான போவுது. அது மாரிதான் இதுவும். வுடு,” என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் அறைந்திருக்கலாம். அந்த ‘வுடு’வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உன் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான், அதற்கு எனக்கு அருகதை இல்லை என்று தெரிந்தும்.

அந்த வேலை உனக்குக் கிடைக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில், வருகிறவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்க உட்கார்ந்தாய். நாம் செய்த அதே பக்கத்தைத் திறந்து, நீயே கால் வைத்துக்கொடுத்த பதிவு பட்டனை, யார் யாருக்காகவோ அழுத்திக்கொண்டிருந்தாய். பிறகு காய்ச்சல் வந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாரம் தாங்கவில்லை. சாவுக்கு வந்த என்னைப் பார்த்து உன் அம்மா, “கூட வேல செஞ்ச பொண்ணா? உன்னத்தாம்மா சொல்லிக்கினே இருக்கும். ரெண்டு பேரும் சேந்து செஞ்சோம்னு சொல்லும்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் பெயரை நான் எடுத்ததைப் பற்றி நீ அவரிடம் எதையுமே சொல்லியிருக்கவில்லை. கையை விடுவித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

இன்று அந்த வாசகத்தைப் பார்த்த பிறகு வேறு வேலை ஓடவில்லை. கோப்பைத் திறந்து, ‘செய்தவர்’ வரியில் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரை அடித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரியும். மாற்றத்தை மேனேஜரின் ஒப்புதலுக்கு அனுப்பினேன். மதியம் போனில் கூப்பிட்டு, “யாரும்மா இது?” என்று கேட்டார். சொன்னேன். நினைவுக்கு வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஓ. அவங்கதான் போயிட்டாங்களேம்மா. இப்ப எதுக்கு? அந்த மல்லாட்டை வரி வேற வருதுன்னு சென்னையில சொன்னாங்க. அதயும் எடுத்துடுங்க.”

அன்றைக்கு நீ உயிரோடு திண்டிவனத்தில் இருந்தாய், போயிட்டாங்களே என்றார். இன்றைக்கும் அதே வார்த்தைதான். அன்றைக்குத் தலையாட்டிய நான், இன்றைக்கு, “செஞ்சது அவதான் சார். அந்த வரிய நான் எடுக்க மாட்டேன்,” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். இதைச் சொல்ல எனக்கு நீ சாக வேண்டியிருந்தது.

சாயங்காலம் வரை பார்த்தேன். ஒப்புதல் வரவில்லை. பக்கத்தைத் திறந்தால் ஊர்ப் பட்டியலில் விழுப்புரம் ழுவுக்கும் புவுக்கும் காலோடு நிற்கிறது. செய்தவர் யார் என்று தேடினால் என் பெயர் வருகிறது. மூட்டை இன்னும் என் பேரில்தான் இருக்கிறது.