கதவு நிலை நகரவில்லை

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே நானும், உன் சித்தியும், எதிர்வீட்டுக்காரரோடு எனக்கு நடக்கிற வாய்ச்சண்டையும் எந்தக் குறையும் இல்லாமல் சௌக்கியம். அங்கே நீயும் உன் அறைத்தோழியும், எல்லாவற்றுக்கும் மேலே உன் இரண்டு கண்ணும் சௌக்கியமா என்று தெரிய வேண்டும். கண்ணை மட்டும் ஏன் தனியாகக் கேட்கிறேன் என்று சிரிப்பாய், சிரி, ஆனால் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரி. போன வாரம் போனில், "இந்த மாசம் மூணாவது கப்பைத் தட்டி உடைச்சிட்டேன் சித்தப்பா, அதென்னவோ எல்லாம் இடது கைப் பக்கம்தான்" என்றாய். உடனே போய்க் கண்ணைக் காட்டு என்றேன். "எனக்கு முப்பதுகூட ஆகல, எல்லாம் நல்லாத்தான் தெரியுது, சும்மா பயமுறுத்தாதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். போனை வைக்கலாம் கண்ணு, கடிதத்தின் வாயை எப்படி மூடுவாய், பார்க்கிறேன்.

என் கதையை முதலில் கேள். ஆறடிக் கண்ணாடியை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான், இன்னொருத்தன் இருந்தால் அவனை எனக்குக் கடிதம் போடச் சொல். அப்படிப்பட்டவன் இரண்டு மாதத்தில் நான்கு கண்ணாடிகளை உடைத்தேன், நான்கும் எங்கள் கண்ணாடிக் கடையின் பின்கட்டுக் கதவு நிலையில், இடது பக்கம் இடித்து. நிலைதான் நகர்ந்திருக்கிறது என்று டேப்பை வைத்து அளந்து, அரை அங்குலம் நகர்ந்ததை எல்லார் முன்னாலும் நிரூபித்தும் விட்டேன். முதலாளி டேப்பைப் பிடுங்கி, "நிலை அங்கேயேதான்யா நிக்குது, நீதான் எங்கேயோ போயிட்ட, மொதல்ல கண்ணைக் காட்டு" என்றார். சரி, அவர் மூக்கை உடைப்போம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்து, அதற்குக் கீழே அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்தேன், ஆஸ்பத்திரியே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அப்புறம் ஒரு கிண்ணம் மாதிரி மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், நடுப்புள்ளியைப் பார்த்தபடியே இருக்க வேண்டும், எந்த ஓரத்தில் விளக்கு மின்னினாலும் பட்டனை அழுத்த வேண்டும். பரீட்சை என்று வந்துவிட்டால் நான் விடுவேனா? எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியது நான், பள்ளிக்கூடம் என்னை நிறுத்தவில்லை. விளக்கு தெரிந்தாலும் அழுத்தினேன், தெரியாவிட்டாலும் அழுத்தினேன், நூற்றுக்கு நூறு என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு எழுந்தேன். அங்கிருந்த பெண், "ஐயா, விளக்கே வரல, நீங்க பாட்டுக்கு அழுத்திக்கிட்டே இருக்கீங்க, மெஷினுக்குத் தெரிஞ்சிரும், மறுபடி உக்காருங்க" என்றாள். இரண்டாம் தடவை யோக்கியமாக அழுத்தினேன். வந்த காகிதத்தில் என் இடது கண்ணின் ஓரமெல்லாம் மையைக் கொட்டியது போல் கறுப்பு.

கண் அழுத்த நோயாம். டாக்டரம்மா சொன்னதைவிட நான் நன்றாகச் சொல்வேன், கேள். கண்ணுக்குள்ளே ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, அழும்போது வருவது அல்ல, இது வேறு. அது வடிய ஓர் ஓரத்தில் சல்லடை போல் வழி உண்டு. அந்த வழி அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும், அழுத்தம் ஏறும், கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகிற நரம்பு நசுங்கும். வலிக்காது, சிவக்காது, எழுத்து பளிச்சென்று தெரியும், ஓரம் மட்டும் திருட்டுத்தனமாகத் தேயும். தெரியாத இடத்தை மூளை தானே இட்டு நிரப்பிக் காட்டுமாம், அதனால் நமக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றே தோன்றும். நீ போனில் சொன்னாயே, அதே போல். போன பார்வை போனதுதான், திரும்பாது என்று டாக்டரம்மா சொன்னபோது, போனது போகட்டும், மிச்சத்தில் ஒரு நூலிழை விட்டுத்தரமாட்டேன் என்று மேசையைத் தட்டிச் சொன்னேன். தினமும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து, விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. தவறவில்லை, சித்தியைக் கேள். "அந்த ரெண்டு நிமிஷம்தான் வீடு நிம்மதியா இருக்கு, வாய்க்கும் ஒரு சொட்டு மருந்து குடுக்கச் சொல்லுங்க" என்கிறாள்.

ரத்தச் சொந்தத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். எங்கள் பரம்பரையே கழுகுக் கண் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். படிக்கட்டில் பாதி இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா ஞாபகம் வந்தது. உனக்கு அப்போது ஆறு வயது. இதே கடையில் நான்தான் அண்ணனைச் சேர்த்துவிட்டேன். இதே கதவு நிலையில்தான் அவரும் இடித்தார், இதே இடது பக்கம். சாப்பிட உட்கார்ந்தால் டம்ளர் கவிழும், நடந்தால் தோள் சுவரில் உரசும். கவுத்தான் என்று பட்டப்பெயர் வைத்தவன் நான், கடையே அப்படித்தான் கூப்பிட்டது. "இந்தக் கதவு கொஞ்சம் குறுகல்டா" என்று ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னார், சிரித்தேன். அவரைப் பற்றி முதலாளி கேட்டபோது, "கவனம் பத்தாதுங்க, வேற ஆளைப் பார்த்துக்கோங்க" என்று சொன்னதும் இந்த வாய்தான். அன்றைக்கே வேலையை விட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். திரும்பப் போய் இதைச் சொன்னேன், அவர் கண்ணை எந்த டாக்டரும் பார்த்ததில்லை, இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. அவரால் முடியாது, என்னால் முடியும். நேற்று கடையில் டீ வந்த நேரம் எல்லாரையும் நிறுத்தி, என் அண்ணன் கவனமில்லாதவர் இல்லை, அவருக்குக் கண் தெரியவில்லை, அதைப் பார்க்கத் தெரியாத குருடன் நான் என்று சத்தமாகச் சொன்னேன். "இருபது வருஷம் ஆச்சு, இப்ப எதுக்குய்யா இது?" என்றார் முதலாளி. இருபது வருஷம் நான் சொன்னதைக் கேட்டீர்கள், இரண்டு நிமிடம் இதையும் கேளுங்கள் என்றேன். இனி அந்தப் பட்டப்பெயரை எவன் சொன்னாலும் கண்ணாடி அவன் தலையில்தான்.

அதனால் மகளே, நீ கோபித்தாலும் சரி, திங்கட்கிழமை நீ வேலை பார்க்கிற கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டுக் கண் டாக்டரிடம் போ. அப்பாவுக்கு இருந்திருக்கலாம், சித்தப்பாவுக்கு இருக்கிறது என்று முதல் வார்த்தையிலேயே சொல். அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பினால் எழுந்து வராதே, சிலருக்கு அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு தேயுமாம், நரம்பையும் பார்க்கச் சொல், அந்தக் கிண்ண மெஷினிலும் உட்கார். ஒன்றும் இல்லையென்றால் என்னைத் திட்டி எட்டுப் பக்கம் எழுது, சித்தியை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். இருந்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நூறு வயது வரை உலகத்தை ஓரத்தோடு பார்க்கலாம். என் ஆயுசில் பாதியை எடுத்துக்கொண்டு நன்றாக இரு. விளக்கு தெரிந்தால் மட்டும் பட்டனை அழுத்து. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று அழுத்தாமல் இரு, உன் அப்பாவுக்கு அதைச் சொல்ல ஒரு மெஷின்கூடக் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
கதவு நிலையை அளந்து பார்த்த உன் சித்தப்பா