கிளம்பும்போது சொன்ன சொல்

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஹார்பரில் கிரேன் ஏறும்போது பெல்ட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஹெர்மன் என்று ரிட்டயரான ஒரு மொழி வாத்தியார் தங்கியிருக்கிறார். சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது, நம் ஊர்ப் பழக்கத்தில் "வாரேன்" என்பதை அப்படியே ஜெர்மனில் அவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு நாள் எனக்கு லீவு. மனுஷர் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாராம். இரண்டு நாளும் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஜெர்மனில் கொம்மன், டச்சில் கோமென், ஸ்வீடிஷில் கொம்மா, இங்கிலீஷில் கம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எல்லாம் க்வெமன் மாதிரி ஒரு பழைய சொல்லின் பிள்ளைகளாம். ஆனால் அந்த மொழிக்காரர்கள் கிளம்பும்போது இதை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லையாம். சொன்னால் கேட்டவர் காத்திருப்பாராம்.

தூத்துக்குடி ஸ்டேஷனில் நான் போறேன் என்றதும், "ஏளா, போறேன்னு சொல்லாத, வாரேன்னு சொல்லு" என்று அதட்டினீர்களே. சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அத்தான். எனக்காக உட்கார்ந்திருக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுங்கள்.

வாரேன்,
பெர்சி