பாய்லரா, நீரூற்றா

நவம்பர் 6, வெள்ளி

காலையில் இரண்டு பேருக்கு முடி வெட்டினேன், ஒருத்திக்கு டை. அப்புறம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது பார்லர் கதவைத் தள்ளிக்கொண்டு என் மகள் ஃபிமா வந்து நின்றாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

"பாய்லர் நின்னுபோச்சும்மா. பாடத்தையெல்லாம் பாதியா குறைச்சுட்டாங்க. வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவளுக்கு அது விடுமுறை. கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை, கோட்டுப் பொத்தானை அவளால் கழற்ற முடியவில்லை. முடி உலர்த்தும் ட்ரையரைப் போட்டு அவள் கையைச் சூடாக்கினேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. பள்ளிக்கூடம் போய் வந்த பிள்ளைக்கு இப்படியா செய்ய வேண்டும்?

வகுப்புகளைச் சூடாக்கும் அந்த பாய்லர் போன குளிர்காலத்திலும் இப்படித்தான் நின்றது. நகராட்சியைக் கேட்டால், தலைநகர் பெல்கிரேடில் இருக்கும் அமைச்சகம்தான் பணம் தர வேண்டும் என்கிறது. அமைச்சகம் நகராட்சியைக் காட்டுகிறது. சதுக்கத்தில் மட்டும் பள்ளம் தோண்டுகிறார்கள் — கலர் விளக்கும் பாட்டும் வைத்த நீரூற்று வரப்போகிறதாம். தோண்டுகிறவர்களில் என் புருஷன் ஸ்லாத்கோவும் ஒருவன். குடிநீர் வாரியத்தில் ஒப்பந்த ஆள். சொன்ன இடத்தில் குழாய் பதிக்கிறான், அவன் என்ன செய்வான்.

நவம்பர் 9

பெற்றோர் கூட்டம். தலைமை ஆசிரியர் கையை விரித்தார். வுகோசாவா டீச்சர் — ஃபிமாவின் வகுப்பு டீச்சர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் — கடைசி பெஞ்சில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். டாக்ஸி ஓட்டும் ஸ்வெத்கோவுக்குப் பேச்சை அடக்கவே தெரியாது.

"பிள்ளைங்களைக் குளிர்பெட்டியில வெச்சா கெட்டுப்போகாதுன்னு நினைச்சுட்டாங்க போல!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, எழுந்து நின்று கேட்டேன்: "அவ்வளவுதானா? சிரிச்சாச்சு, வீட்டுக்குப் போயிடலாமா? நீரூற்றுக்குக் காசு இருக்கு, பாய்லருக்கு இல்லையா? இதை மேயர்கிட்ட யாராவது போய்க் கேளுங்க."

யாராவது என்றால் நான்தான் என்று முடிவாகிவிட்டது.

நவம்பர் 10

ஏன் வாயைத் திறந்தேன்?

நவம்பர் 16

மேயரைப் பார்த்தோம். நான், டீச்சர், ஸ்வெத்கோ. காபி, சாக்லேட், சின்னக் கண்ணாடிக் குவளையில் ரக்கியா என்ற பழச் சாராயம். உபசாரத்தில் குறை சொல்ல முடியாது. என்னை "லுபின்கா தங்கச்சி" என்றுதான் கூப்பிட்டார். என் அப்பாவை அவருக்குத் தெரியுமாம், அந்தக் காலத்து மனிதர்களே வேறாம்.

"நீரூற்றுக் காசு வேற பை, தங்கச்சி. பள்ளிக்கூடக் காசு வேற பை. ஒண்ணை எடுத்து இன்னொண்ணுல போட முடியாது."

"ரெண்டு பையும் ஒரே கோட்டுலதானே இருக்கு?" என்றார் டீச்சர்.

மேயர் சிரித்தார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அந்த அறையில் நான் கோட்டைக் கழற்றிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசியிருக்கிறேன்.

நவம்பர் 21, சனி

சதுக்கத்தில், அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்றோம். 'முதலில் பாய்லர்' என்று அட்டையில் எழுதி. வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மழைத் தூறல் வேறு. அட்டையில் எழுத்து கரைந்து ஒழுகியது. சுற்றிலும் ஜன்னல் திரைகள் விலகுவதும் மூடுவதுமாக இருந்தன. பார்லரில் உட்காரும்போது "நீ செய்யறதுதான் சரி, கடவுள் உனக்குத் துணை"ன்னு சொல்லாதவங்க யாரு? எல்லாருக்கும் துணைக்குக் கடவுளை அனுப்பத்தான் தெரியும்.

அடுத்த சனியும் நிற்பேன். நான் ஒருத்தியானாலும் நிற்பேன்.

நவம்பர் 24

மேயரின் மனைவி ஸ்னெஷ்கா டை அடிக்க வந்தாள். மாதாமாதம் வருகிறவள்தான். பாதித் தலைக்குப் பூசி முடித்திருந்தேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு பேச்சை எடுத்தாள்.

"உன் வீட்டுக்காரரோட ஒப்பந்தம் டிசம்பரோட முடியுதாமே?"

"ஆமா."

"நல்ல உழைப்பாளின்னு இவரும் சொல்வாரு. பாவம். இந்த ஊர்ல வேற வேலை எங்க இருக்கு?" நெற்றியில் வழிந்த டையைத் துடைத்துக்கொண்டு, "நீ கெட்டிக்காரி லுபின்கா. கெட்டிக்காரிங்க தெருவுல நிக்க மாட்டாங்க."

அந்த டையை இன்னும் அரை மணி நேரம் அலசாமல் விட்டிருந்தால் அவள் முடி வைக்கோலாகியிருக்கும். ஆசையாகத்தான் இருந்தது. விடவில்லை. நேரத்துக்கு அலசி, உலர்த்தி, சுருட்டி, என்றைக்கும் போலவே அழகாக அனுப்பி வைத்தேன். வாசலில் மட்டும் சொன்னேன்: "சனிக்கிழமை சதுக்கத்துக்கு வாங்களேன். முடி நல்லா வந்திருக்கு, நாலு பேர் பார்க்கட்டும்."

சாப்பிடும்போது ஸ்லாத்கோவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"போதும், நிறுத்து," என்றான். "ஊருக்கெல்லாம் நீதான் அம்மாவா?"

"ஃபிமாவுக்கு நான்தான் அம்மா."

"ஃபிமாவுக்குச் சாப்பாடு யாரு போடறது? உன் அட்டையா?"

ஸ்பூனைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் சொல்றதுல தப்பு இருக்கா? இல்லை. நான் செய்யறதுல தப்பு இருக்கா? அதுவும் இல்லை. அப்ப எங்கதான் தப்பு?

டிசம்பர் 1

நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

குளிர் தாங்காமல் வுகோசாவா டீச்சர் தன் வீட்டு காஸ் ஹீட்டரை வகுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறார். ஜன்னல் இடுக்கெல்லாம் துணி வைத்து அடைத்திருந்தது. இரண்டாவது பாடவேளையில் பிள்ளைகளுக்குத் தலைவலி. ஒருத்தி வாந்தி எடுத்தாள். ஃபிமா மேசையில் தலை சாய்த்தவள் கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்கவில்லை. புகை இல்லை, வாடை இல்லை, ஆனால் அடைத்த அறையில் ஹீட்டர் எரிந்து காற்று நஞ்சாகியிருந்தது. டீச்சருக்குச் சட்டென்று புரிந்திருக்கிறது. பிள்ளைகளைக் கதவு வழியாகத் தள்ளி, ஃபிமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே பனிக்குள் ஓடி வந்திருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். "அம்மா, தூங்கிட்டேன்," என்றாள். என் குழந்தை. என் குழந்தை பள்ளிக்கூடத்துக்குத்தானே போனாள், சுரங்கத்துக்கா போனாள்?

எல்லாப் பிள்ளைகளும் தப்பிவிட்டார்கள். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் டாக்டர்.

ஸ்லாத்கோ பள்ளத்திலிருந்து அப்படியே வந்திருந்தான், முழங்கால் வரை சேறு. வார்டு வாசல் சுவரில் சாய்ந்து நின்றான். நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

டிசம்பர் 4

வுகோசாவா டீச்சருக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை ஓலை வந்திருக்கிறது. அனுமதியில்லாத ஹீட்டரை வகுப்பில் வைத்தது குற்றமாம். பாய்லரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையாம்.

டீச்சர் வீட்டுக்குப் போனோம், நானும் ஸ்வெத்கோவும். அழுதிருப்பார் போல, முகம் வீங்கியிருந்தது. "அவங்க சொல்றதும் சரிதானே? என் கையாலதானே கொண்டுபோய் வெச்சேன்," என்றார். அவரால்தான் என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்றேன். தலையாட்டினார், ஆனால் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஸ்வெத்கோ ஜன்னல் வழியே நகராட்சிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அங்க நகர்மன்றக் கூட்டம் நடக்கறப்ப எல்லாரும் கோட்டு இல்லாம வெறும் சட்டையோட உட்கார்ந்திருக்கானுங்க. நான் சவாரி இறக்கப் போறப்ப பார்த்திருக்கேன். விசிறி போடாத குறைதான்."

அப்போதுதான் தோன்றியது. "மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் யார் வேணா வந்து பார்க்கலாம் இல்லையா?"

"பார்க்கலாம். யாரு போறா?"

"பிள்ளைங்க பொதுமக்கள் இல்லையா?"

டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பட்ஜெட் கூட்டம் பதினொண்ணாம் தேதி ஆரம்பிக்குது," என்றார். "மூணாம் வகுப்புக்கு அன்னிக்குப் பெருக்கல் வாய்ப்பாடு."

டிசம்பர் 8

பதினோராம் தேதி பிள்ளைகளை மன்றக் கூட்டத்துக்கு அனுப்பச் சொல்லி வீடு வீடாகப் போகிறோம். இந்த முறை கதவுகள் திறக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிள்ளைகளின் வீடுகளில் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை.

ஸ்லாத்கோவிடம் சொல்லிவிட்டேன். மறைத்துச் செய்யப் பிடிக்கவில்லை. "சரி," என்றான். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

டிசம்பர் 11

வரிசையாகத்தான் போனோம். கையில் நோட்டுப் புத்தகம். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு, பின்னால் பெற்றோர். போன மாதம் திரைக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் இன்று எங்களோடு படியேறினார்கள். பொதுமக்கள் நாற்காலிகள் நிறைந்ததும் பிள்ளைகள் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். சத்தம் போடவே இல்லை. டீச்சர் மெதுவாக ஆரம்பித்தார், "ஏழெட்டு?" பிள்ளைகள் அதைவிட மெதுவாக, "ஐம்பத்தாறு."

கூட்டத்தை நடத்தும் மன்றத் தலைவர் மணியை அடித்தார். "என்ன இது? யார் இவங்க?"

"பொதுமக்கள் ஐயா," என்றேன். "கூட்டம் பார்க்க வந்திருக்காங்க. பள்ளிக்கூடத்துல உட்கார முடியலை. இங்க சூடா இருக்கு."

"இவங்களை வெளியேத்துங்க!"

வாசலில் நின்ற போலீஸ்காரர் வந்தார். நான்காம் வகுப்பில் அவர் மகள் படிக்கிறாள். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். "யாரும் எந்தச் சட்டத்தையும் மீறலையே ஐயா," என்று சொல்லிவிட்டு மறுபடி வாசலுக்கே போய் நின்றுகொண்டார்.

மேயர் எழுந்தார். முகத்தில் பழைய சிரிப்பு. "தங்கச்சி, பிள்ளைகளை அரசியலுக்கு இழுக்கலாமா? வெட்கமா இல்லையா உனக்கு?"

பயந்துபோயிருந்தேன், அதுதான் உண்மை. "என் மகளைப் பத்து நாளைக்கு முன்னாடி தோள்ல தூக்கிட்டு வந்தாங்க," என்று ஆரம்பித்தேன். "அவ எழுந்திருக்கலைன்னா நீங்க எல்லாரும் பூங்கொத்தோட வந்திருப்பீங்க. அந்தப் பூ வாங்கற காசு எந்தப் பையில இருந்து வரும்?"

அப்போது பின் கதவு திறந்தது. குடிநீர் வாரிய ஆட்கள். முன்னால் ஸ்லாத்கோ. சேற்றுப் பூட்ஸோடு சிவப்புக் கம்பளத்தில் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றான்.

"ஸ்லாத்கோ, நீ வேலை நேரத்துல இங்க என்ன பண்றே?" என்றார் மேயர். "குழாய் போட்டு முடிச்சாச்சா?"

"இல்லை. முடிக்கவும் போறதில்லை," என்றான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன், குரல் உடைந்தது. "பள்ளிக்கூடத்துல போடணும்னா சொல்லுங்க, இப்பவே போறோம். நீரூற்றுக்கு இனி நாங்க மண்வெட்டி தூக்க மாட்டோம்."

கூட்டத்தைத் திங்களுக்கு ஒத்திவைத்தார்கள். வெளியே வரும்போது டீச்சர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "திங்கள்கிழமை ஒன்பதாம் வாய்ப்பாடு. மறக்காம படிச்சுட்டு வாங்க!"

டிசம்பர் 14

இன்று மண்டபத்தில் நிற்கவும் இடமில்லை. ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு, பேக்கரிக்காரர்கள், தபால்காரர். உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். நீரூற்றுப் பணம் பள்ளிக்குப் போகிறது. மேயரும் கை தூக்கினார். தானே யோசித்துச் செய்ததுபோல நல்லதொரு பேச்சும் பேசினார். பேசட்டும். பாய்லர் வந்தால் போதும்.

பிள்ளைகள் அப்போது ஒன்பதாம் வாய்ப்பாட்டில் பாதியில் இருந்தார்கள். டீச்சர் முழுதும் முடிக்கச் சொல்லித்தான் எழுந்திருக்க விட்டார்.

டிசம்பர் 19

எங்கள் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்புக் காலம், அதனால் இறைச்சி இல்லை, மீனும் அவரையும்தான். மெழுகுவர்த்தி ஏற்றி ரொட்டி வெட்டினோம். வீடு கொள்ளாத விருந்தாளிகள். நடுவில் ஸ்லாத்கோவுக்கு போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அடுக்களையில் மெதுவாகச் சொன்னான். "என்னாலதானே," என்றேன்.

"அடச்சீ. நான் என் காலால நடந்து வந்தேன். உன்னால ஒண்ணுமில்லை," என்றான். "மீன் ஆறுது, எடுத்துட்டு வா."

ஜனவரி 20

திங்களன்று பாய்லர் வந்து இறங்கியது. பொருத்த வந்த கம்பெனிக்காரர்களோடு ஸ்லாத்கோவும் வாரியத்துப் பழைய கூட்டாளிகளும் மூன்று நாளாகப் பள்ளியில்தான் கிடக்கிறார்கள். கூலி கிடையாது. மாடி வகுப்பில் ஒரு குழாய் ஒழுகுகிறதாம், அதைச் சரி பண்ணாமல் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டீச்சரின் எச்சரிக்கையை ரத்து செய்யவில்லை. மேல்முறையீடு செய்கிறோம். அவரோடு கல்வி அலுவலகத்துக்கு நான் போவேன். தனியாக விட மாட்டேன்.

பிப்ரவரி 3

ஸ்லாத்கோ ஆஸ்திரியாவுக்கு பஸ் ஏறினான். அங்கே லின்ஸ் நகரில் குழாய் வேலை. ஃபிமா அழவில்லை. நானும் பஸ் திரும்பும் வரை அழவில்லை.

பிப்ரவரி 18

வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிறது. சாயங்காலம் ஸ்லாத்கோ போன் செய்தான். சாப்பாடு பரவாயில்லையாம், ரொட்டிதான் சகிக்கவில்லையாம். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டான்.

இன்று மதியம் அந்தப் பக்கம் போனேன் என்றேன். வகுப்பில் புழுக்கம் தாங்காமல் இரண்டு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். தெரு வரை பாடம் கேட்கிறது.

"திறந்து வெச்சிருக்காங்களா?" அங்கிருந்து கத்தினான். "ஏய், மூடச் சொல்லு! தெருவையா சூடாக்கறாங்க? போய்ச் சொல்லு நாளைக்கு!"

"சொல்றேன்," என்றேன்.

சொல்லப்போவதில்லை.