செங்கோடன் குரலில்

ஆவணி, திங்கள். காலையில் தூறல்.

தேங்காய் விலை ஏறி, சட்னியே கண்ணில் படாத வருடம். சின்னப் பேத்தி கல்யாணமும் இதே வருடம்தான். எனக்கு எழுத்து தெரியாது. மருமகள் போனில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. என்ன எழுதுகிறதோ.

சேலத்தில் டப்பிங்குக்குக் கூப்பிட்டார்கள். போன வருடம் எங்கள் எருமப்பட்டியில் எடுத்த படத்துக்கு. நானும் என்னோடு வண்டி ஓட்டிய சிநேகிதன் செங்கோடனும் கட்டிலில் உட்கார்ந்து பழைய லாரிக் கதை பேசும் காட்சி. பக்கத்தில் தீவன மில் ஓடியதால் பேச்சு முழுக்க மோட்டார் சத்தம். எல்லாம் திரும்பப் பேச வேண்டும். செங்கோடன் பொங்கல் கழிந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பங்கை மெட்ராஸ் ஆள் ஒருவர் பேசித் தந்திருக்கிறார். டைரக்டர் தம்பி போட்டுக் காட்டினார். நல்ல குரல். செய்தி வாசிக்கிற குரல். செங்கோடன் வாயில் உட்காரவில்லை.

அவன் சம்சாரமும் போனில் கேட்டதாம். "இது அவரில்லீங்க. இதத்தான் போடுவீங்கன்னா அவரு வர்ற எடத்தையே எடுத்துருங்க." முடிந்தது பேச்சு. இந்த வாரத்துக்குள் வேறு வழி இல்லையென்றால் காட்சியே போய்விடும். அவன் நடித்தது அது ஒன்றுதான்.

அவன் பங்கையும் நானே பேசிப் பார்க்கிறேன் என்றேன். தம்பி சிரித்தார்.

செவ்வாய். நல்ல வெயில்.

கண்ணாடி அறை. ஏசி. துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டேன். முதலில் என் பங்கு. காதில் மூன்று பீப். நாலாவது விழ வேண்டிய இடத்தில் பேச்சைத் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டரில் இருப்பது நித்யா என்கிற பெண். பழைய சத்தம் மேலே ஒரு பட்டை, இப்போது பேசுவது கீழே ஒரு பட்டை. மேடு பள்ளம் ஒத்துப்போனால் சரியாம்.

"தாத்தா, கத்தாதீங்க. மைக்கு மூஞ்சிகிட்டத்தான் இருக்குது."

"ஆயுசு முழுக்க இஞ்சினுக்கு மேல பேசுனவன் சாமி நானு."

காலை முழுக்க ஒத்துவரவில்லை. பிறகுதான் தெரிந்தது. என் வலது காது ஜன்னல் காற்றில் போன காது. ஹெட்போனை இடது காதுக்கு மாற்றி, மைக்கையும் இடது பக்கம் வைக்கச் சொன்னேன். வண்டியில் செங்கோடன் உட்காரும் பக்கம். அப்புறம் ஓடியது.

மதியம் பிரியாணி. காரம் போதாது.

புதன். மப்பு. மழை இல்லை.

செங்கோடன் பங்கு. எங்களுக்குள் ஒரு பழக்கம்: நாக்பூர் ரோட்டில் தூக்கம் தள்ளினால் நான் அவனாகப் பேசுவேன், அவன் நானாகப் பேசுவான். சண்டைகூடப் போடுவோம், ஆள் மாறி. அவன் இழுப்பு, கனைப்பு எல்லாம் என் நாக்கில் இருக்கிறது. முதல் வரியிலேயே தம்பி எழுந்து நின்றுவிட்டார்.

"அய்யா, புல்லரிக்குதுங்க!"

"உக்காருங்க தம்பி. வண்டி இன்னும் சங்ககிரியே தாண்டல."

ஒரே ஒரு இடம் மட்டும் நின்றுபோனது. பேச்சு நடுவில் அவன், கேமராவுக்குப் பின்னால் நின்ற பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்கிறான். கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். வாய் பெரிதாகத் தெரிகிறது. எனக்கு அந்தப் பேர் வரவில்லை. அவன் கல்யாண நாளிலிருந்து எனக்கு அது அம்முணி. சிநேகிதன் பெண்டாட்டியை எப்படிப் பேர் சொல்ல? பீப் முடிந்ததும் அம்முணி என்றே வருகிறது. வாய் ஒன்று, சத்தம் ஒன்று. திரும்பத் திரும்ப.

"வெறும் பேருதான தாத்தா?" என்றாள் நித்யா.

"உனக்குப் பேரு. எனக்கு நாக்கு எந்திரிக்க மாட்டீங்குது."

"பேசறது அவருங்க, நீங்க இல்லீங்களே" என்றார் தம்பி. நியாயம்தான். இருந்தாலும்.

நாளைக்கு அம்முணியையே கேட்டுப் பார்க்கக் கூட்டி வருகிறார்களாம்.

வியாழன்.

அம்முணி வந்தது. தூக்குப்போசியில் எல்லாருக்கும் மோர். நாற்காலி நுனியில் உட்கார்ந்தது. நித்யா போட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருங்க" என்றது அம்முணி. நிறுத்தினார்கள்.

"இன்னுங் கொஞ்சம் இழுப்பாரு. மத்தபடி அவரேதானுங்க." என் பக்கம் திரும்பிச் சிரித்தது. "ரோட்டுல ரெண்டு பேருக்கும் இதுதாம் பொழப்பாண்ணா?"

உயிர் வந்தது எனக்கு.

பேர் வரும் இடம். வாய் மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை.

"இங்க மட்டும் ஏன் பேசல?"

தம்பி காரணத்தைச் சொன்னார். அம்முணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்கம்மா போயாச்சு. எங்கண்ணம் போயாச்சு. மாமியாளும் போயாச்சு, இவரும் போயிட்டாரு. மத்தவங்களுக்கெல்லாம் நான் ஆயா, பெரீம்மா. எங்க ஊட்டுப் பெரியவங்கள்ல மிச்சம் நாந்தான். பேரு சொல்லிக் கூப்புட ஆருங்கண்ணா இருக்கறாங்க? கூப்புடுங்க."

உள்ளே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது எழுந்து நின்றது. மூன்று பீப். திரையில் செங்கோடன் திரும்பினான்.

"பாவாயி!"