ஜவுபர் விட்டுத்தந்த ஜும்ஆ

லண்டன், 21.10.1984

அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா,

நான் நல்ல சுகம். உங்கட சீனி வருத்தம் எப்படி? ஊசி தவறாமப் போடுறீங்களா?

ஒரு சின்ன விசயம், கவலைப்படாதீங்க. உங்கட இன்சுலின் போல ஒரு மருந்தைத் தாங்கியில வளர்ற கிருமிகளுக்குள்ள உண்டாக்குறதுதானே எங்கட வேலை. மருந்து கட்டிபட்டுப் பழுதாகிக்கிட்டே இருந்திச்சு. கிருமி பெருகின பிறகு சூட்டைக் குறைச்சுப் பார்க்கணும் எண்டு எனக்குத்தான் பட்டிச்சு. கூட வேலை செய்ற மருதமுனை ஜவுபருக்கிட்ட மட்டும் சொன்னன். ஒரே சஹன் தட்டில என்னோட சோறு திண்டவனாச்சே.

தாங்கியை விட்டுட்டு ரெண்டு பேரும் போகேலா. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு முறை வச்சுத்தான் போவம். போன மாசம் ஒரு வெள்ளி அவன்ட முறை. "நீ போ மச்சான், நான் பார்க்கிறன்" எண்டான். நான் தொழுதுட்டு வாறதுக்குள்ள சூட்டைக் குறைச்சு, நோட்டில தன்ட பேரை எழுதி, எங்களுக்கு மேல இருக்கிற பெரிய டொக்டரையும் கூட்டி வந்து காட்டிட்டான். அடுத்த நாள் மருந்து தெளிவா வந்திச்சு. இப்ப அவன்தான் எங்களுக்கெல்லாம் பொறுப்பு.

இனி மாசிச் சம்பல் ஒரு போத்தல் போதும், அவனுக்கும் சேர்த்து ரெண்டு அனுப்பாதீங்க.

தபால் எடுக்கிற நேரமாச்சு. அண்டைக்குப் பள்ளியில, எனக்காக ஜும்ஆவையே விட்டுத்தந்தவனுக்கு நல்ல இடம் கிடைக்கணும் எண்டு அழுது துஆக் கேட்டன் உம்மா. அல்லாஹ் ஏத்துக்கிட்டான், அது கபூலாகிட்டு.

உங்கட மகன்
மீராமுகைதீன்