பக்கத்தில் நிற்க முடியாதவர்கள்

என் மகளுக்கு,

நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் உன் கதவைத் தட்டிவிட்டு, எதிரே மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது; பொறுத்துக்கொள்.

உன்னை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்று தலைமை நர்ஸ்தான் போனில் சொன்னாள். இனி உன்னோடு வேலை செய்ய மாட்டோம் என்று எட்டு நர்சுகள் கையெழுத்துப் போட்டார்களாம். அவளும் ஒருத்தி.

"எங்க வீட்ல யாருக்காவது ஆபரேஷன்னா டாக்டரம்மாதான் செய்யணும்னு அடம்பிடிப்போம்மா. அப்படி ஒரு கை. ஆனா அவங்க பக்கத்துல நிக்கத்தான் எங்களால முடியலை."

நான் விடவில்லை. "வேலை தெரிஞ்சவ நாலு வார்த்தை கண்டிக்கத்தான் செய்வா" என்றேன்.

அப்போதுதான் அந்தச் சின்ன நர்ஸைப் பற்றிச் சொன்னாள். தாய் இறந்த மறுவாரமே வேலைக்கு வந்தவள், உனக்குக் கத்தரிக்கோலை எடுத்துத் தரும்போது அழுதுவிட்டாளாம். நீ தலையைக்கூட நிமிர்த்தாமல், "முகத்தைக் கழுவிட்டு வந்து நில்லு" என்றாயாம்.

போனை வைத்துவிட்டேன். உன் அப்பாவின் உடல் கூடத்தில் கிடந்தபோது, பத்து வயதுப் பிள்ளையான உன்னிடம் நான் சொன்ன வார்த்தை அது. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். அழுகையை ஒழுங்கீனம் என்று நினைத்தேன். உன் படிப்பும் கைத்திறமையும் நீயே சம்பாதித்தவை. இது மட்டும் நான் கொடுத்தது.

படியேறுகிறவர்கள் எல்லாம் என்னைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. நீ உள்ளே இருக்கிறாய் என்று தெரிய ஒரு சத்தம் போதும். அழுகிற சத்தமானாலும் சரி.

வெளியே இருக்கும்
அம்மா